அத்தையின் பதினோரு விநாடி

அத்தை மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்கா, கல்யாணம் கட்டாதவள். தோட்டத்து லயத்தில், ஒரே அறையான எங்கள் காம்பராவில் எங்களோடு இருந்தவள். பதுளையில் ஒரு ஆஸ்பத்திரியில் உடைந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாகப் புது மூட்டு வைத்தார்கள். அதன்பிறகு நடையைச் சோதிக்க அவ்வப்போது வரச் சொன்னார்கள்.

சோதனை இதுதான். நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் ஒட்டிய மஞ்சள் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எத்தனை விநாடி என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு தடவை பார்த்ததுமே இது ஓட்டப்பந்தயம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கடைசியாக வந்தவள் நான். பயிற்சி கொடுக்க அது போதாதா? அடிமட்டத்தைப் பத்துத் தடவை வைத்து வாசலில் தூரம் அளந்து, கரியால் கோடு கிழித்து, அப்பாவின் போனில் நேரம் பிடித்தேன்.

வெறுங்கையோடு நடந்தால் அத்தை திரும்பும் இடத்தில் ஆடினாள். ஒரு நாள் விளையாட்டாக, கொழுந்துச் சாக்கை மாட்டுவதுபோல என் புத்தகப் பையின் வாரை நெற்றியில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். இருபது வருஷம் சாக்கு சுமந்த உடம்பு. பின்னால் கனம் ஏறியதும் நேராகிவிட்டது. பதினோரு விநாடி. “இது இருந்தாத்தான்டி எனக்கு நடையே வருது,” என்று சிரித்தாள்.

பெரியவர்கள் பேசிக்கொண்டது வேறு. மலையேற முடியாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். முடியும் என்று எழுதினால் மறுபடியும் கொழுந்துதான். அத்தை அந்தப் பிள்ளைக்காம்பராவைப் பற்றி ராத்திரியெல்லாம் ஆசையாக அம்மாவிடம் பேசுவாள். எல்லாம் என் காதிலும் விழுந்தது. அதையும் பந்தயத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கடைசிச் சோதனைக்குத் துணையாக நான்தான் போனேன். அத்தைக்கு அன்று பத்தொன்பது விநாடி. திரும்பும்போது சுவரைப் பிடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எக்ஸ்ரே, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பொட்டலம் எல்லாம் இருந்த பையைத் தூக்கி, அதன் வாரை அவள் நெற்றியில் மாட்டிவிட்டேன்.

“வேணான்டி,” என்றாள் மெதுவாக. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“மாட்டட்டும், பாப்போம்,” என்று சோதிக்கிற மிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

அத்தை எழுந்தாள். அந்த உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கோடு வரை போய், ஆடாமல் திரும்பி, வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் பதினொன்று.

“அட, சுமையோடயே இவ்வளவு நல்லா நடக்குறீங்களே!” என்று மிஸ் எழுதிக்கொண்டார்.

“ஆமாங்க மிஸ்,” என்றாள் அத்தை.

பஸ்ஸில் அவள் வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்பா ஆஸ்பத்திரிக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்: மலை வேலைக்குத் திரும்பலாம். நான் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

“பைய யாரு மாட்டிவிட்டா?”

“நான்தான்,” என்றேன்.

“புள்ளய ஒன்னும் சொல்லாத,” என்றாள் அத்தை.

இவ்வளவு நல்ல காரியம் செய்த என்னை யார், எதற்குத் திட்டப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.