மலைச் சுவரில் மதி

இந்த ஊரில் என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சோறு பரிமாறுகிறவர் நின்றுவிடுவார். நம் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வந்த புதிதில் வலியசாலையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், தூரத்தில் நின்ற தம்பியைப் பார்த்து ‘மதி, மதி’ என்று கூவினேன். பாயச வாளியோடு வந்தவர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். பாயசமும் போனது, மானமும் போனது. மதியழகன் என்று பெயர் வைத்த அப்பாவுக்கு மலையாளம் தெரியாது. தெரிந்திருந்தால் முருகன் என்று வைத்திருப்பார், எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் வேலை இருந்திருக்காது.

வள்ளியூரிலிருந்து கல்யாணமாகி ஆரியசாலைக்கு வந்தேன். என் கணவருக்கு மொத்த மளிகைக் கடையில் வேலை, எனக்கு அதற்கடுத்த கடையில் பில் போடும் வேலை. அப்பா இறந்ததும் ஏழு வயதுத் தம்பியை அம்மா என்னிடம் அனுப்பினாள். மலையாளப் பள்ளியில் சேர்த்தேன். இந்த ஊரில் பிழைக்கப் போகிறவனுக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்று நான்தான் சொன்னேன். லீவில் அம்மா வாங்கி அனுப்பிய தமிழ் அரிச்சுவடியைப் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டேன். அவன் தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. நோட்டுப் புத்தக அட்டையில் மலையாள எழுத்தில் மதி என்று எழுதி, கடைசிச் சுழியின் வாலை மேலே இழுத்து விடுவான். பட்டம் விடுகிறாயா என்று கேலி செய்வேன்.

போன வருடம், இருபத்து நான்கு வயதில், அவன் காணாமல் போனான். கூரியர் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் கழித்து அவன் பைக் மலைமேல் வ்யூ பாயின்ட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். ஆட்கள் இறங்கித் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அங்கே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்கிறது. நகரத்திலிருந்து போகிறவர்கள் எல்லோரும் அதில் பெயர் எழுதி, அம்பு விட்ட இதயம் வரைந்து, சுவரே தெரியாதபடி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதன் கோடியில், பொட்டலங்களில் விலாசம் எழுதும் கறுப்பு மார்க்கரால் ஒரே ஒரு சொல். மலையாளத்தில் மதி. வால் மேலே போயிருந்தது.

அது அவன் பெயர் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். வயதான, நல்ல மனிதர். என்னை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார்.

“இது பேரல்ல சேச்சி. மதியாயி என்னா எழுதியிரிக்குன்னது.”

பெயரல்ல, போதுமென்று ஆகிவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். பெயர் எழுத வருகிறவர்கள் தனியாக எழுத மாட்டார்கள், பக்கத்தில் இன்னொரு பெயர் இருக்கும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அது நிலா, அது அறிவு, ஆயிரம் வீட்டில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் என்று கத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். அந்தக் காகிதத்தில் அவர் எழுதியதும் மலையாளத்தில்தான். சுவரில் தம்பி தமிழில் எழுதியிருந்தால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது, பெயர் பெயராகவே இருந்திருக்கும். அந்த எழுத்தை அவனுக்குத் தராதவள் நான்.

போன வாரம், அவனோடு வேலை பார்த்த பையன் போன் செய்து, அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்றான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காட்டில் மாறிப் போனேன். மேலே மூடுபனி இறங்கிக் கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் முக்கால் பங்கு வெள்ளையாகியிருந்தது. ஒற்றை ஆளாக ரோலரை உருட்டிக்கொண்டு வந்தவன் வங்காளத்துக்காரன். மலையாளத்தில் நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, அவன் இந்தி எனக்குப் புரியவில்லை. போனில் ஒரு படம் எடுத்தேன். அதற்குள் ரோலர் அந்தச் சொல்லுக்கு ஒரு முழம் வரை வந்துவிட்டது. சுவரைக் கையால் மறைத்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல், அதைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

“மதி. மதி.”

அவன் சட்டென்று நின்றான். இங்கே பிழைக்க வருகிறவன் முதலில் கற்றுக்கொள்கிற நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. ரோலரை வாளியில் போட்டுவிட்டு, “மதியோ? ஓகே சேச்சி” என்று சிரித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். என்னை மேற்பார்வைக்காரி என்று நினைத்திருப்பான். கால் மணி நேரம் அந்தச் சொல்லும் நானும் அங்கே இருந்தோம். பிறகு ஜீப்பில் காண்ட்ராக்டர் வந்து அவனைத் திட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒதுங்கிக்கொண்டேன். இரண்டு உருட்டலில் முடிந்துவிட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட அன்று, இரண்டாவது தோசை வைக்கப் போனேன். தட்டின் மேல் கையை வைத்து மறைத்தான்.

“மதி, அக்கா. வேண்டாம்.”

“உன் பேரை நீயே என்னத்துக்குச் சொல்லிட்டிருக்க?” என்று சிரித்துக்கொண்டே தோசையை வைத்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. தோசை தட்டிலேயே கிடந்தது. அவன் எந்த மொழியில் சொன்னான் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அம்மாவுக்குப் படத்தை அனுப்பினேன். பிள்ளை வேலை தேடி எங்கோ வடக்கே போயிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். போலீஸ்காரர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. உடனே கூப்பிட்டாள்.

“என்னட்டி எழுதிருக்கு? எனக்கு இந்த எழுத்து தெரியாதுல்லா.”

“மதின்னு எழுதிருக்கும்மா.”

“வேற ஒண்ணும் எழுதலையா?”

“இல்லம்மா.”

“அவன் பேருதானட்டி,” என்றாள். குரலில் அத்தனை நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, மலை மேலே போய்ப் பேரெழுதி வைத்திருக்கிறான் பார் என்று காட்டுவது போனில் கேட்டது. வள்ளியூரில் அது வெறும் பெயர். இங்கே போலீஸ்காரரின் காகிதத்தில் அது வேறு. அவர்கள் ஆளுக்கு ஒரு மொழியில் படித்துவிட்டார்கள். எனக்குத்தான் இரண்டும் தெரியும்.