நெல்லின் மேல் ஏறிய வண்டி

நுஸைபாவை அடங்காப்பிடாரி என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாய்க்கு வரியா போடுகிறார்கள்? அவளோடு ஆறு வருடமாக ஒரே வண்டியில் ஓடுகிற ஆம்புலன்ஸ் டிரைவர் நான், சாமிதுரை. நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்னிலம் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் இங்கே நோயாளி வண்டி என்றால் பந்தல்காரரின் டெம்போதான். காலையில் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றும். மத்தியானம் நெஞ்சுவலிக்காரரை ஏற்றும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் துக்க வீட்டுக்குச் சாமியானாவும் அதிலேயே வரும். நுஸைபாவின் உம்மாவைப் பிரசவத்துக்கு அந்த டெம்போவில்தான் கொண்டுபோனார்கள். உம்மாவும் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை. அப்போது இவளுக்கு ஒன்பது வயது.

பிறகு 108 வந்தது. அது வேறு கேஸுக்குப் போயிருக்கும் நேரத்தில் உதவட்டும் என்று, வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து இந்த ஆம்புலன்ஸை வாங்கினார்கள். பெரும்பங்கு கொடுத்தவர், அங்கே சம்பாதித்தது போதுமென்று ஊரோடு வந்துவிட்ட சங்கத் தலைவர் அப்துல் மஜீது பாய். வண்டியின் பக்கவாட்டில் ஆம்புலன்ஸ் என்ற எழுத்தைவிட அவர் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

நர்சிங் படித்திருந்த நுஸைபா, கணவன் அஸாரோடு சார்ஜாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள். கார் ஓட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். வந்ததும் நேரே சங்கத்துக்குப் போய் வேலை கேட்டாள். "பொம்பளப் புள்ள, நேரங்கெட்ட நேரத்துல வண்டியில போறதா?" என்றார் பாய். "நோவு நேரம் பாத்தா வருது ஹாஜியார்?" என்றாள். வேலை கிடைத்தது. அந்த வண்டியைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகல். வயலில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த கனிமொழி என்ற பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஏற்றிக்கொண்டு திருவாரூருக்குப் பறந்தோம். கால் மரவள்ளிக்கிழங்காக வீங்கிவிட்டது, ஈறில் ரத்தம் கசிந்தது.

பாதி வழியில் சாலை முழுக்க நெல்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் நெல் காயப்போடுவதற்கு ஒரு முறை உண்டு. பாதி ரோட்டில் பரப்பி, ஓரமாகக் கல்லை வரிசை வைத்து, மீதிப் பாதியை வண்டிக்கு விட வேண்டும். அன்று இரண்டு பாதியும் நெல். முந்தின நாள் மழையில் நனைந்தது, ஈரம் போகாமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். யாருடைய நெல் என்று எனக்குத் தெரியும். மஜீது பாயுடையது. காவலுக்கு இருந்த ஆள் சாப்பிடப் போய்விட்டான்.

நான் பிரேக் போட்டேன். இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன், நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சைரன் அலறிக்கொண்டிருக்க, குனிந்து இரண்டு கையாலும் நெல்லை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தேன். மடையன், வேறென்ன?

பின்கதவு திறந்தது. "என்னண்ணே பண்றீங்க?"

"ஒரு சக்கரம் போற அளவுக்கு ஒதுக்கிடறேம்மா..."

"ஏத்துங்க வண்டிய."

"நெல்லு மேலயா? மகாலெட்சுமிம்மா அது. அதுவும் பாயோட நெல்லு."

"நெல்லு அடுத்த போகத்துல வரும். இவ வருவாளா?"

நான் குனிந்து மறுபடியும் நெல்லைத் தள்ளினேன். அவள் காத்திருக்கவில்லை. "பின்னாடி போய் உக்காருங்க. அவ கால் அசையக் கூடாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். சக்கரத்தடியில் நெல் நொறுங்கிய சத்தம் பின்னால் வரைக்கும் கேட்டது. கடந்ததும் நிறுத்தி, "இப்ப வாங்க," என்று என்னை முன்னால் அனுப்பிவிட்டுக் கனிமொழியிடம் போனாள். ட்ரிப் ஷீட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள்: நெல்லுக்காக நின்றது, நான்கு நிமிடம்.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். ஆனாலும் கனிமொழிக்குச் சிறுநீர் இறங்கவில்லை, டயாலிசிஸில் வைத்தார்கள். பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். மஜீது பாய் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டியில உக்காந்து என் நெல்லையே அரைச்சிருக்கியேம்மா! நொறுங்கிப் போச்சுன்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டான். மன்னிப்பு எழுதிக் குடு. இல்லேன்னா இன்னையோட வண்டிய மறந்துடு."

நுஸைபா என்னைப் பார்த்தாள். பிறகு, "பேப்பர் குடுங்க," என்றாள். இவளுமா குனிய வேண்டும்? முதலில் நின்ற மடையன் நானல்லவா! வாயைத் திறந்து அதைச் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

எழுதி நீட்டினாள். செயலாளர் ஃபாஜில் வாங்கி உரக்கப் படித்தார்.

"கனிமொழி அவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை உங்களை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், நெல்லுக்காக நான்கு நிமிடம் நின்றுவிட்டது. நின்றிருக்கக் கூடாது. எங்களை மன்னித்துவிடுங்கள்."

கீழே மூன்று பெயர். நுஸைபா, சாமிதுரை, அப்துல் மஜீது. முதல் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்து இருந்தது.

"என்னம்மா, நக்கலா?" பாய் எழுந்துவிட்டார்.

"இல்லிங்க ஹாஜியார். மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க, கேட்டுட்டேன். நீங்களும் போடுங்க."

ஃபாஜில் கையிலிருந்து தாளை வாங்கி நான் கையெழுத்துப் போட்டேன். பாய் பேனாவைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பைபாஸில் பைக்கிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். நுஸைபா பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"போலாம்ணே."

ஃபாஜில் ஒதுங்கி வழிவிட்டார். அன்றைக்கு ஏறியவள்தான், இன்றுவரை இறங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் கனிமொழி வீடு திரும்பினாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தோம். அதன் நகல் ஒன்றை நுஸைபா வண்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறாள், ஸ்ட்ரெச்சருக்கு நேர் மேலே, படுத்தால் கண்ணில் படுகிற இடத்தில். பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பேனாவும் தொங்குகிறது.

"பாய் பேரையாச்சும் அடிச்சுடேன் நுஸைபா, வண்டி குடுத்த மனுசன்," என்றேன் ஒரு நாள்.

"இருக்கட்டும்ணே. ஹாஜியாருக்கும் வயசாவுது. ஒரு நாள் இதுல படுத்துக்கிட்டுத்தான் போவாரு. அன்னைக்கும் எதுக்காகவும் வண்டிய நிறுத்த விடமாட்டேன். போற வழியில படிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும்."