கிழிக்காத பத்திரங்கள்

பூவாறு கடலை அடுத்த திருப்புறத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. கடலுக்குப் போகுமுன் வீட்டில் தங்கள் பங்கை மனைவி பெயருக்கு எழுதிவைப்பது அந்தக் குடும்பத்து ஆண்களின் வழக்கம். என் கணவரும் மகாராஜா முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கொழும்புத் தோணியில் ஏறினார். நான் அப்போது நிறைமாதம்.

"பிள்ளைக்கு எங்க பாட்டன்மாருக்க பேரு ஒண்ணு பாத்து வை" என்று சொல்லிப் போயிருந்தார். அவருடைய பத்திரத்தைப் பெட்டியில் வைக்கப்போன நான், உள்ளே கிடந்த பழைய பத்திரங்களைப் பிரித்தேன். இத்தனை கடலோடிகள் வாழ்ந்த வீடா என்று பெருமையாக இருந்தது. பெயர்களை உரக்கவே வாசித்தேன்.

அடுக்களையிலிருந்து ஓரகத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கணவரின் அண்ணன் மனைவி, விதவை.

"மக்கா, அதுல உள்ள பேரு வேண்டாம். திரும்பி வாறவங்க அவங்க கையாலயே பத்திரத்தைக் கிழிச்சுப் போடுவாங்க. அது இங்கத்த முறையாக்கும்."

"அப்போ இதெல்லாம்?"

"வராதவங்களுக்க பத்திரம். எனக்குள்ளதும் அதுல உண்டு."

மடியில் கிடந்த புதுப் பத்திரத்தை அந்தப் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

மகனுக்கு அந்தப் பத்திரங்களில் இல்லாத பெயரைத்தான் வைத்தேன். இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. பத்திரம் இன்னும் பானைக்குள்தான் இருக்கிறது. பெட்டியில் வைக்க நான் சம்மதிக்கவில்லை.