ஆணி மட்டும் இருந்த சுவர்

டீ குடித்துவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன். நடுச்சுவரில் படத்தைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மில் குடும்பத்து அறக்கட்டளையின் ஓவியக் கூடத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவியக் கல்லூரி முடித்துவிட்டுத் திக்குத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சுவர் கொடுப்போம். கடைசி நாளில் சென்னையிலிருந்து தேர்வாளர் வந்து பார்த்து, ஒருவருக்கு மட்டும் ஒரு வருட உதவித்தொகை தருவார். அந்த முறை தாராபுரத்துக் கலைவாணியும் இன்னொரு பையனும். தொகை கிடைக்காவிட்டால் மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று கலைவாணியின் அப்பா தங்கவேல் கறாராகச் சொல்லியிருந்தார். மகளைத் தனியே விட மனசில்லாமல் தினமும் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார்.

காணாமல் போனது அவளுடைய படங்களிலேயே சிறந்தது. சந்தையில் வெங்காய மூட்டைமேல் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண்.

"ஏனுங்க, படம் எங்கீங்க?"

"குடுத்துட்டேனுங்க," என்றார் தங்கவேல், நிம்மதியாக. "மேட்டுப்பாளையத்து அம்மணி ஒருத்தங்க பாத்துப்போட்டு, எங்கம்மா இப்படித்தான் தூங்குவாங்கன்னு கண்ணைத் தொடச்சாங்க. புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்கன்னேன்."

எங்கள் பக்கத்து மரியாதை அது. தோட்டத்து முருங்கைக்காய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், பறித்துக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் மறுநாள் தேர்வாளர் வருகிறாரே!

"இதென்ன முருங்கைக்காயுங்களா? பேரு, ஊடு எதாச்சும் கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"ஆசப்பட்டு வாங்கறவங்ககிட்ட அதெல்லாம் கேப்பாங்களா? உருளைக்கெழங்கு மண்டியில வேலைன்னாங்க."

சாப்பிட்டுவிட்டு வந்த கலைவாணியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரைஞ்சதுங்கப்பா. என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?" என்றாள். தங்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. தேர்வாளர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறும் ஆணி முன்னால் நின்றார். கலைவாணி நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"பாக்காத படத்தை நான் எப்படிம்மா கணக்குல எடுத்துக்கறது?" என்றார். நியாயம்தான். உதவித்தொகை பையனுக்கு என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். பையனும் நன்றாகத்தான் வரைந்திருந்தான். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

மதியம் தங்கவேல் வந்தார். கூடவே அந்த அம்மாள், படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி அணைத்தபடி. மண்டி மண்டியாக ஏறி இறங்கி விசாரித்திருக்கிறார் மனிதர்.

"பாத்துப்போட்டுத் திருப்பிக் குடுத்துருவீங்கல்லோ?" என்று அந்த அம்மாள் பயந்துகொண்டே கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க," என்றேன்.

தங்கவேல் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மண்டியில இதச் செவுத்துல சாச்சு வச்சிருந்தாங்க கண்ணு. மூட்ட தூக்கறவங்க, லாரிக்காரங்க, அத்தன பேரும் நின்னு பாத்துட்டுப் போறாங்க. நான் இங்கயே உக்காந்திருந்தேன், ஒருக்காகூட நின்னு பாக்கலை. உதவித்தொகை குடுக்காட்டிப் போச்சாது. நம்மூட்டுல ஒரு வருசம் சோறு இருக்குது. நீ வரை."

கலைவாணி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்த அம்மாளிடம் போனாள்.

"அப்பா குடுத்தது செல்லாதுங்க. இப்ப நான் குடுக்கறேன். நீங்களே வச்சுக்குங்க."

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கண்காட்சி முடியும்வரை படம் சுவரைவிட்டு இறங்கக் கூடாது என்று பெற்றோரிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிறுத்துங்கள். பெரிய மனிதர்களைக் கூட்டிவர நாயாய் அலைகிறோம், பெற்றவர்களுக்கு நாற்காலி மட்டும் போடுகிறோம். உதவித்தொகை ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களை வீடுதான் தாங்க வேண்டும்.