திரையில் சிவப்புப் புள்ளிகள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கில் சண்டை நடந்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும் வேலை எனக்கு. தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவேன்.

அங்கே படிப்பித்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ரோபோவைச் செய்து ஓடவிட்டிருந்தார். நிஜத்தில் அப்படி ஒன்று இல்லை. அது லேசர் கதிரைச் சுற்றிச் சுற்றி அடித்து, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். கதிர் படும் இடமெல்லாம் திரையில் சிவப்புப் புள்ளி விழும். அளந்ததைப் பதிவுசெய்து வைத்தால், பிறகு எங்கேயும் போட்டுக் காட்டலாமாம். அது ஓடுவதற்கு எங்கள் வகுப்பு மாடியையே அளவெடுத்துப் போட்டிருந்தார்.

அன்று மூன்று மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் அதைக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் அவருக்கு அங்கே வேலை. மத்தியானம் போட்டோகொப்பி எடுக்கப் புறப்பட்டார்.

"அண்ணை, பதிவு போட்டிட்டுப் போறன். முழுச் சுத்து முடிய ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும். ஒண்டையும் தொடாதேங்கோ."

"சரி மிஸ்."

"தேத்தண்ணியும் கிட்ட வேண்டாம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் கூட்டுகிற தும்புத்தடியோடு திரையையே பார்த்தபடி நின்றேன். புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து சுவராகின. கதவு, ஜன்னல், நடை, எல்லாம் எங்கள் மாடி. நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒருவரை, மகள் பள்ளிக்கூடத்துக்கு வரைந்த வீட்டுப் படத்தைக் குண்டு வைக்கப் போட்ட பிளான் என்று சொல்லி இரண்டு நாள் பொலிசில் வைத்திருந்தார்கள். இது அதைவிடத் துல்லியமான படம். உட்கார்ந்தேன், எழும்பினேன், ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. வீடு கடையெல்லாம் செக்கிங்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் மிஸ்ஸின் கம்ப்யூட்டர் வயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். திரை கறுத்தது.

ஒரு பொலிஸ்காரர் உள்ளே வந்து என் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர்களைக் காட்டி, ஏன் ஒன்றும் ஓடவில்லை என்று சிங்களத்தில் கேட்டார்.

"கரண்ட் இல்ல சேர்" என்றேன், நானும் சிங்களத்தில்.

அவர் மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இதைப் பேயா சுத்துது? வேலை செய்யாம தூங்கியிருக்கிறாய், என்ன? முதலாளியிட்ட சொல்லட்டுமா?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். ஒரு கம்ப்யூட்டரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

மிஸ் வந்தபோது இரண்டு மணி. திரும்ப ஓடவிட நேரமில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தார். புள்ளிகள் நடைவரை வந்து அப்படியே நின்றுவிட்டன.

"என்ன நடந்தது அண்ணை?"

"கால் பட்டுட்டுது மிஸ்."

அவர் ஏசவில்லை. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போனார். வேலை கிடைக்கவில்லை. "பாதியைக் காட்டினா பாதி வேலை செய்தவள் எண்டுதானே நினைப்பினம்" என்று மறுநாள் சொன்னார். இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார்.

கால் படவில்லை மிஸ். நான்தான் இழுத்தேன். உங்களைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன்.

2019 மார்ச் 3, ஞாயிறு.