உடையாத லென்ஸும் ஒரு பிடிச் சாம்பலும்

கொல்லிமலையில் கண்ணாடிக் கடை வைத்த நாளிலிருந்து எனக்கு ஒரு பெருமை உண்டு. விவரம் சொல்லாமல் எதையும் விற்க மாட்டேன். பிரேம் எதில் செய்தது, லென்ஸ் எதில் செய்தது என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். வாயாடி என்பார்கள், சொல்லட்டும்.

மலைமேலேயே உள்ள குண்டூர் நாட்டிலிருந்து மிளகு பறிப்பவர் ஒருவர் மனைவியோடு வந்தார். மரத்தில் இருக்கும்போது பழைய கண்ணாடி நழுவி, பாறையில் விழுந்து சில்லுசில்லாகிவிட்டதாம். அது இல்லாமல், ஒற்றை மூங்கில் ஏணியில் கால் வைக்கும் கணுவே அவருக்குத் தெரியாது. "நல்ல கண்ணாடி இல்லாம இந்த வருசம் மரமேற உடமாட்டேனுங்க," என்றார் மனைவி. கணவர் முகம் செத்துப்போயிருந்தது.

பிளாஸ்டிக் லென்ஸை எடுத்துக் காட்டினேன். "ஏனுங்க அம்மிணி, இது தண்ணி பாட்டில் சாமானுங்களா?" என்று கணவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குச் சுருக்கென்றது. லென்ஸை அப்படியே சிமெண்ட் தரையில் போட்டேன். உடையவில்லை. மூக்கை அழுத்தாது என்றேன். உலோக பிரேம் வியர்வையில் பச்சை பிடிக்கும் என்று சொல்லி, வளைந்து கொடுக்கும் நைலான் பிரேமில் மாட்டி, நழுவாமல் பின்னால் கயிறும் கட்டிக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். "எல்லாம் பனி மூடுனாப்பல தெரியுதுங்க. ஊட்டுக்காரி ஏணியை ஒளிச்சு வெச்சுட்டா."

லென்ஸ் முழுக்க வட்டவட்டமாகக் கீறல். எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சாம்பல் போட்டு, தேங்கா நாருல தினமும் நானே தேய்க்கறனுங்க. பித்தளைச் சொம்பாட்டம்!" முகத்தில் அத்தனை பெருமை.

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. உடையாது என்று மார்தட்டியவள், கீறும் என்று சொல்லவே இல்லையே. தப்பு என்னுடையதுதான் என்று அவரிடமே ஒப்புக்கொண்டு, லென்ஸை மாற்றிக் கொடுத்தேன். தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றுவதைச் செய்து காட்டி, அவரையும் செய்ய வைத்தேன். கீறிய லென்ஸை, இனி வருகிறவர்களுக்குக் காட்ட, மேசையிலேயே வைத்துக்கொண்டேன்.

மிளகுப் பறிப்பு முடிந்ததும் அவர் மனைவி தனக்கொரு கண்ணாடி வேண்டுமென்று வந்தார். வழக்கம்போல் அந்தக் கீறிய லென்ஸைக் கையில் எடுத்தேன்.

"இருங்க அம்மிணி, நானே சொல்றனுங்க. உடையாது, கீறும், சாம்பல் ஆகாது. ஊட்டுல அவரு தினமும் இதே பாட்டுத்தானுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மரம் ஏறினாருங்களா?" என்றேன்.

மடியிலிருந்து ஒரு பொட்டலம் மிளகை எடுத்து மேசையில் வைத்தார். "உச்சியில பறிச்சதுங்க. ஏணியை நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன்."