மூன்றாம் கிண்ணத்துக் கறுப்பு

மூன்று கண்ணாடிக் கிண்ணங்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திவிட்டு, வலக்கண்ணை இறுக மூடிக்கொண்டார் நஜிமுதீன். இடக்கண் மட்டும் கிண்ணம் கிண்ணமாகப் போய்வந்தது. ஒவ்வொன்றிலும் உப்புநீரில், வளையத்தில் இழுத்துக் கட்டிய தவளைத்தோல் ஒரு துண்டு. "மூணாவதுதான் மேடம். ஏக்தம் கறுப்பு, அட்டக்கரி. ரெண்டாவது அதுக்குக் கொஞ்சம் கம்மி. மொதலாவது இப்பமே வெளுக்க ஆரம்பிச்சிட்டு." அபயாம்பாள் மேடம் ஒளியளக்கும் கருவியில் பார்த்து எண்களைக் குறித்தார். கருவியும் அதையேதான் சொன்னது. அதற்குக் கால்மணி நேரம் ஆகிறது. இவருக்கு ஒரு மூச்சு.

ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் மேலப்பாளையம். பம்பாய் தாராவியில் தோல்ஷெட் ஒன்றில் இருபது வருஷம் ஆட்டுத்தோலைத் தரம் பிரித்தவர். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. தேவ்நார் பக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் தவளைத்தோலைக் கிழியாமல் இழுத்துக் கட்ட ஆள் தேடியபோது இவரைப் பிடித்துப்போட்டார்கள். "ஆட்டுத்தோலு ஜமக்காளம் மாதிரி. இது வெங்காயச் சருகுல்லா" என்பார். தவளையைத் தன் கையால் கொல்லமாட்டார், மார்க்கத்தில் தடை. வேறொருவர் அதைச் செய்து கொடுக்க, "கொன்னது நானில்ல, அல்லாவுக்குத் தெரியும்" என்று மூன்று தடவை கை கழுவிய பிறகுதான் தொடுவார்.

மாட்டுங்காவிலிருந்து வருகிற மேடத்தின் ஆராய்ச்சி இதுதான்: தோலைக் கறுக்கவைக்கிற ஒரு பொருள் உடம்பிலேயே ஊறுகிறது. பதிமூன்று மணி கோத்த சரம் மாதிரி அது. அதைப் பார்த்துச் செயற்கையாகவும் சரம் செய்திருக்கிறார்கள். ஒன்றில் நாலாவது மணி மட்டும் வேறு. இன்னொன்றில் நாலாவதும் ஏழாவதும் வேறு. எது கூடக் கறுக்கிறது, எது கூட நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். "ஓதுற தஸ்பீஹ்ல ரெண்டு மணிய மாத்திக் கோத்தா அது வேற தஸ்பீஹா ஆயிருமா மேடம்?" என்று கேட்டார் நஜிமுதீன். "ஆயிடறதே! அதுதானே ஆச்சரியம்" என்றார் மேடம்.

குப்பிகளின் பெயர் எழுத்தும் எண்ணுமாக அரை முழம் இருக்கும். அது வாயில் நுழையாததால் அவரே பெயர் வைத்தார். உடம்பில் ஊறுவது விருந்தாளி. கழுவினால் சற்று நேரத்தில் அதன் கறுப்பு போய்விடும். ஒரு மணி மாற்றியது வாடகைக்காரன். கொஞ்சம் தங்கிப் போகும். இரண்டு மணி மாற்றியது வீட்டோடு மாப்பிள்ளை. "எத்தன தண்ணி ஊத்திக் கழுவுனாலும் போவமாட்டேங்கான் பாருங்க. தின்னுட்டு அங்கனயே கெடக்கான்." கூடம் முழுக்க அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. மேடமே ஒருநாள் நோட்டில் 'வீ.மா.' என்று எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அதைக் கோடிட்டு அடித்தார்.

சாயங்காலம் கோவண்டியில் ரயில் ஏறும்போது அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. 'சஃபேத் தாக்' என்கிற வெண்புள்ளி சில நாளில் மறையும் என்று நாட்டு வைத்தியர்கள் ஒட்டிய விளம்பரம் பெட்டியில் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு முதுகைக் காட்டி நிற்பார். உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். கூடத்தில் ஒருவருக்கும் காரணம் தெரியாது. அவருடைய ஒரே மகள் நூர் நிஷாவுக்கு இருபது வயது. இரண்டு மணிக்கட்டிலும் இடது முழங்கையிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. பம்பாய்ப் புழுக்கத்திலும் முழுக்கை கமீஸ்தான் போடுவாள், மணிக்கட்டில் இரண்டிரண்டு பட்டனோடு. அந்த வீட்டில் யாரும் வெள்ளை என்ற சொல்லைச் சொல்வதில்லை, 'அது' என்பார்கள். எண்ணெய், வேர், தாயத்து எல்லாம் பார்த்தாயிற்று. அது குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போகிறது.

எண்பத்தாறு பிப்ரவரியில் சுனாபட்டியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் குர்லாவில் லேத் ஓட்டுகிறான். விஷயத்தை மறைக்காமல் சொன்னார் நஜிமுதீன். பையனின் தாய் சைனப் நல்ல மனுஷி. நூர் நிஷாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "மருந்து பாருங்கண்ணே. ரெண்டு மாசம் நாங்க வேற எடம் பாக்கல. கொறஞ்சிட்டுன்னா இவ நம்ம புள்ளதான்." முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லியிருந்தால் தேவலை. அந்த ரெண்டு மாசம்தான் மனுஷனைப் பிடித்து ஆட்டிவிட்டது.

மறுநாளிலிருந்து, பரிசோதனை முடிந்து கிண்ணத்தில் மிஞ்சுகிற நீரைத் தொட்டியில் கொட்டாமல், காலிச் சொட்டுமருந்துக் குப்பிகளில் ஊற்றி டிபன் டப்பாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். களவு என்று மனசு குத்தத்தான் செய்தது. "தவளைக்குப் புடிக்கிற கறுப்பு எம்புள்ளைக்குப் புடிக்காதா?" என்று மனைவி ஷரீஃபுன்னிசாவிடம் கேட்டார். அவள் குப்பிகளை வாங்கி மாடத்தில் வரிசையாக வைத்தாள். தோல்ஷெட்டில் ஊறிய புத்தி அவருடையது. கறுப்பு என்றால் சாயம். ஊறினால் ஏறும், வெயிலில் காய்ந்தால் நிற்கும்.

வீட்டிலும் அவர் தொழிலை விடவில்லை. வலது மணிக்கட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளை, இடது மணிக்கட்டுக்கு விருந்தாளி, முழங்கைக்கு வெறும் உப்புநீர். "எல்லாத்துலயும் ஒண்ணையே தடவுனா என்னத்தக் கண்டோம்? ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்தாத்தாம்மா உண்ம தெரியும்." காலைதோறும் தடவி, தகரக்கூரைகளுக்கு நடுவே வெயில் விழுகிற இடத்தில் மகளை அரைமணி நேரம் உட்காரவைத்தார். வெயில் நகர்ந்ததும் அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவாள். "எது வாப்பா கூடக் கறுத்திருக்கு?" அவர் வலக்கண்ணை மூடிப் பார்ப்பார். "பொறு தாயி. சாயம் ஏற நாளாவும்."

நாற்பதாம் நாள் பார்த்தார். அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவி மனுஷனுக்கு அதுதான் வினையாயிற்று. வலது, இடது, முழங்கை, மூன்றும் ஒரே வெள்ளை. சுற்றியிருந்த நல்ல தோல் மட்டும் வெயிலில் கறுத்து, வெள்ளையை முன்னைவிட எடுத்துக்காட்டியது.

அன்றைக்கு மேடத்திடம் போய் நின்றார். "ஒரு பேச்சுக்குக் கேக்கேன் மேடம். வெள்ள விழுந்த எடத்துல இதப் போட்டா என்ன ஆவும்?"

மேடம் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "ஒண்ணும் ஆகாது. இது சாயமில்லையே நஜிமுதீன். தோலுக்குள்ளே நிறம் பண்ற செல் இருக்கு. அதோட கதவைத் தட்டி, வேலை பண்ணுன்னு சொல்றது, அவ்வளவுதான். வெள்ளையாப் போன இடத்துல அந்த செல்லே இருக்காது. வீடே இல்லாத இடத்துல எந்தக் கதவைத் தட்டறது?"

வீடே இல்லையாம், பிறகு எங்கே வீட்டோடு மாப்பிள்ளை? தான் வைத்த பெயரே தன் மென்னியைப் பிடிக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்க் கிண்ணங்களைக் கழுவினார். மிச்ச நீரையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயை வெகுநேரம் திறந்துவிட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் சொல்கிறார். "உங்க மாப்பிள்ளை எங்கே போனான்?" என்று மேடம் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, "நம்பர்தான் சுலுவு மேடம்" என்றார்.

இது ஏறாது என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஏப்ரல் கடைசி ஞாயிறு, சாயங்காலம் சுனாபட்டிக்காரர்கள் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். காலையில் நூர் நிஷா தானாகவே வெயிலில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். பட்டன்களைக் கழற்றிக் கையைச் சுருட்டியிருந்தாள். வாப்பா முன்னால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினாள்.

"வலது கொஞ்சம் தேவலல்லா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க வாப்பா. எது கூடக் கறுத்திருக்கு?"

அவர் வலக்கண்ணை மூடுவதற்காகக் காத்திருந்தாள். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. அவளுடைய வலது கையைப் பிடித்து, சுருட்டியிருந்த துணியை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டார். இரண்டு பட்டனையும் ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு இடது கையை எடுத்தார்.